கடைசி வண்டியின் மணி

என் சித்திக்குப் பயமில்லாத பொருள் ஒன்றை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. பல்லி, இடி, லிஃப்ட், ஊசி, தெரியாத எண்ணிலிருந்து வரும் போன், கணுக்காலுக்கு மேல் ஏறும் தண்ணீர் என்று எதைச் சொன்னாலும் அவளுக்கு ஆகாது. இப்படிப்பட்டவள் மலையில் சைக்கிள் ஓட்டிப் பிழைக்கிறாள் என்று சொன்னால் எவன் நம்புவான்? கூடவே இருந்து பார்த்திராவிட்டால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

முன்பு அவள் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் பசை தடவிக்கொண்டிருந்தாள். பசை வாடை நெஞ்சில் ஏறி இழுப்பு வந்தது. காற்றோட்டமான வேலையாகப் பார்த்துக்கொள் என்று டாக்டர் சொன்னார். அவர் ஜன்னல் வைத்த அறையைத்தான் நினைத்திருப்பார். இவள் மலையடிவாரத்துச் சைக்கிள் கொட்டகையில் போய்ச் சேர்ந்தாள்.

கொட்டகையில் மலை சைக்கிள்கள் கூரைக் கொக்கிகளில் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கும். கீழே பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி. ஓரத்துக் கொடியில் ஹெல்மெட்டுகள் காயும். எங்கள் வெயிலில் ஒருவர் அரை நாள் போட்டுக் கழற்றிய ஹெல்மெட்டை மூக்குள்ளவன் எவனும் அப்படியே எடுத்துப் போட மாட்டான். அதற்குள் இருக்கும் பஞ்சுப் பட்டையைப் பிரித்துத் துவைக்கத்தான் சித்தியை வைத்தார்கள். கொட்டகைக்குப் பின்னால் ஒற்றை அறையும் கொடுத்தார்கள். அம்மா வேலைக்காக வெளியூர் போயிருந்ததால் நானும் அங்கேதான். பத்தாவதில் நான் தேறாமல் போனதும் பள்ளிக்கூடமும் நானும் மனஸ்தாபம் இல்லாமல் பிரிந்துவிட்டோம். எனக்கு டியூப் ஒட்டும் வேலை. ஓய்ந்த நேரத்தில் சித்தியின் ஹெல்மெட்டுக்குள் ரப்பர் பல்லி வைக்கும் வேலை.

மலையில் சைக்கிள் ஓட்ட நகரத்திலிருந்து வரும் பார்ட்டியை முதலாளி முன்னால் நின்று கூட்டிப் போவார். காடு, ஆற்றுப் பள்ளத்தாக்கு, மறுபடி மலை என்று போகும் ஒற்றையடிப் பாதை அது. பாதி வழிக்கு மேல் போனில் சிக்னல் கிடையாது. அதனால் ஒரு ஏற்பாடு உண்டு. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் தனக்கு அடுத்து வருகிறவரை முதலாளி அங்கேயே நிறுத்திவிட்டுப் போவார். அவருக்குக் கம்பம் என்று பெயர். பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் கம்பம் கையைக் காட்ட வேண்டும். கூட்டத்தின் கடைசி ஆள் வந்து சேரும்வரை அசையக் கூடாது. அந்தக் கடைசி ஆளும் யாரையும் தாண்டிப் போகக் கூடாது. இந்த இரண்டும் சரியாக நடந்தால் காட்டில் ஒருவரும் தொலைய மாட்டார்கள்.

பழைய கடைசி ஆள் வேலையை விட்டுப் போனபோது, முதலாளி கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். யாரையும் முந்தவே முடியாத ஒரு ஜீவன் ஹெல்மெட் துவைத்துக்கொண்டிருந்தது. அப்படித்தான் நாற்பதை நெருங்கும் வயதில் சித்தி சைக்கிள் கற்றுக்கொண்டு கடைசி வண்டி ஆனாள். அந்தப் பெயரை வைத்தது நான்தான்.

இறக்கம் வந்தால் அவள் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வருவாள். விலை உயர்ந்த அந்த மலை சைக்கிளில் பால்காரர் வண்டியில் இருப்பது போன்ற பெரிய பித்தளை மணி ஒன்றை மாட்டியிருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் அடிப்பாள், பாம்பு விலகிப் போவதற்காம். பாம்புக்குக் காதே இல்லை என்று நான் சொன்னதற்கு, "கூட வர்ற உனக்கு இருக்குல்ல, போதும்" என்றாள்.

ஒருமுறை கம்பமாக நின்றவன் ஒதுங்குவதற்காகப் புதருக்குள் போய், அப்படியே வேறு வழியாக இறங்கி வீட்டுக்கே போய்விட்டான். சித்தி இருட்டும்வரை அங்கேயே தேடினாள். முள் கிழித்து, குரல் போய், பூதம் மாதிரி கொட்டகைக்கு வந்து சேர்ந்தாள். ஆள் வீட்டில் பத்திரமாக இருக்கிறான் என்று தெரிந்ததும் திட்டக்கூட இல்லை. உட்கார்ந்து அழுதாள்.

அது எனக்கு ஞாபகம் வரக்கூடாத ஒரு நாளில் ஞாபகம் வந்தது.

அன்று நான் முதலாளிக்கு அடுத்த ஆளாகப் போய்க்கொண்டிருந்தேன். ஓடை ஒன்றின் குறுக்கே இறங்கி ஏறினால் ஒரு சின்ன மேடு. காய்ந்து கிடந்த அந்த ஓடையில் கூழாங்கல் மட்டும்தான். மேட்டில் பாதை பிரியும். இடது பக்கம் ஆற்றைக் கடக்கும் வழக்கமான வழி. வலது பக்கம் மலைமேல் சுற்றிப் போகும் வழி. எங்கள் தலைக்கு மேல் சுள்ளென்று வெயில். ஆனால் முதலாளி ஆற்றைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. காலையில் அடி தெரிந்த தண்ணீர் இப்போது சேற்று நிறத்தில் நுரையும் சருகுமாக வந்தது. மேலே எங்கேயோ மழை.

என்னைக் கம்பமாக நிறுத்தி, எல்லோரையும் மலைவழிக்குத் திருப்பிவிடச் சொன்னார், "சித்தி வந்ததும் மேல கூட்டிட்டு வா. ஆத்துப்பக்கம் விட்றாத. இத வேற யாருகிட்டயும் விட முடியாது, உன்னத்தான் நம்பிப் போறேன்." என்னை நம்புவதாக ஒரு பெரிய மனிதர் சொன்னது அதுதான் முதல் தடவை. வேறு நாளாக இருந்திருந்தால் சிரித்திருப்பேன்.

பார்ட்டி ஒவ்வொருவராகக் கடந்து போனது. இரண்டு பேர் மட்டும் பாக்கி: சித்தியும், அவளுக்கு முன்னால் வர வேண்டிய தொப்பைக்கார அண்ணனும். அவர்களைக் காணோம். ஆற்றின் சத்தம் மட்டும் கூடிக்கொண்டே போனது. அப்புறம் முதுகுக்குப் பின்னால் இன்னொரு சத்தம். திரும்பினேன். காய்ந்து கிடந்த ஓடையில் ஒரு பழுப்பு நாக்கு கற்களை நக்கிக்கொண்டு வந்தது. நான் பார்க்கப் பார்க்க அது நாக்கிலிருந்து பாய் அளவுக்கு அகன்றது.

மேட்டிலிருந்து மலைவழி தொடங்கும் தாழ்வான இடம் அப்போது ஈரமாக மட்டும்தான் இருந்தது. நாலு எட்டு ஓடினால் நான் தப்பிவிடலாம். கால் ஓடக்கூடச் செய்தது. அங்கே நின்று திரும்பிப் பார்த்தேன், மேடு காலியாகக் கிடந்தது. சித்தி வந்து அந்தக் காலி மேட்டைப் பார்ப்பாள். கம்பம் இல்லை. யாரோ ஒருவனையே இருட்டும்வரை தேடியவள், நான் என்றால் சும்மா இருப்பாளா? தண்ணீரில் இறங்குவாள். பயந்துகொண்டே இறங்குவாள்.

திரும்பி மேட்டுக்கு வந்தேன். தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பல் தந்தி அடித்தது. சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு மரத்தைக் கட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மலைவழியின் அடியும் தண்ணீருக்குள் போய், மேடு தீவாகிவிட்டது.

அப்போதுதான் மணி கேட்டது.

ஓடைக்கு அக்கரையில் சித்தி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பின்னால் அறுந்த செயினைக் கையில் பிடித்தபடி தொப்பைக்கார அண்ணன். இத்தனை தாமதத்துக்கும் காரணம் அந்தச் செயின்தான். தண்ணீரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் என்னவோ கத்தினேன். எனக்கே கேட்கவில்லை. உட்கார் என்று கையால் காட்டினாள். அண்ணனை மேலே ஒரு பாறையில் ஏற்றி உட்கார வைத்தாள். அவர் ஊருக்குத் திரும்பிப் போய்விடலாம் என்று சொன்னாராம். பிறகு அவரே சொன்னார், சித்தி அவரைப் பார்த்த பார்வையில் அடுத்த வார்த்தை வரவில்லையாம். இவள் மட்டும் தண்ணீர் ஓரத்தில், என் எதிரே உட்கார்ந்தாள்.

ஓடும் தண்ணீரையே பார்த்தால் நாமே ஓடுகிற மாதிரி தலை சுற்றும். எனக்குக் கை தளர்ந்தது. உடனே மணி. நிமிர்ந்தேன். தன் முகத்தைச் சுட்டிக் காட்டினாள்: இங்கே பார். பார்த்தேன். மறுபடி என் கண் கீழே போனது, மறுபடி மணி. செருப்பை நனைத்து, கணுக்காலைத் தொட்டு, தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. நான் ஹெல்மெட்டைக் கழற்றி ஆட்டினேன், இருக்கிறேன் என்று சொல்ல. அவள் மணி அடித்தாள். நான் ஆட்டினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் உதடு மட்டும் ஓயாமல் அசைந்தது. எனக்கு ஆறுதல் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

தண்ணீர் வந்த வேகத்தில் வற்றவில்லை. மரத்தில் சேற்றுக் கோடு ஒன்று வெளியே தெரிந்தபோதுதான் இறங்குகிறது என்று புரிந்தது. நான் இன்னும் காத்திருக்கலாம் என்று நினைத்தேன். அவளால் முடியவில்லை. தொடை அளவுத் தண்ணீரில் சைக்கிளை ஊன்றுகோலாகப் போட்டு, நகர்த்தி, ஊன்றி, நகர்த்தி வந்தாள். கிட்டே வந்ததும்தான் அவள் முனகுவது என் காதில் விழுந்தது. "ஐயோ பயமா இருக்கே, ஐயோ பயமா இருக்கே." அவ்வளவு நேரமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மேட்டில் ஏறி என் கன்னத்தில் ஒன்று வைத்தாள். பிறகு அதே கன்னத்தைத் தடவினாள்.

"மேல ஓட வேண்டியதுதானடி கழுதை. ஏன் ஓடல?"

"நீ வந்து தேடுவியே."

பாவாடையைப் பிழிந்தாள். பிழிந்து முடித்தும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"ஆமா. தேடுவேன்" என்றாள்.

ஓடை முழங்காலுக்கு வந்ததும் அண்ணன் செயினைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வந்து சேர்ந்தார். அதுதான் அவருடைய உயிர் போல. மலைவழி ஏற இருந்த நேரத்தில் நான் சித்தியின் பின்னால் ஒட்டிக்கொண்டேன். அவள் நின்றாள்.

"முன்னாடி போ."

"சித்தி, இன்னிக்கு மட்டும்."

"போடி. நான்தான் கடைசி."

போனேன். நடுவில் அண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்கினார். ஒவ்வொரு வளைவிலும் பின்னால் மணி கேட்டது. மலையின் மறுபக்கம் இறங்கத் தொடங்கியதும் திடீரென்று மணி நின்றது. வண்டியைப் போட்டுவிட்டு, அண்ணனை இடித்துக்கொண்டு மேலே ஓடினேன்.

சித்தி சைக்கிளிலிருந்து இறங்கி, இரண்டு பிரேக்கையும் இறுகப் பிடித்தபடி, ஒவ்வொரு அடியாக வைத்து இறங்கிக்கொண்டிருந்தாள். இறக்கம் அப்படியொன்றும் பெரிதில்லை. ஒரு குழந்தைகூட ஓட்டிப் போகலாம்.

"எதுக்குடி ஓடி வர்ற?"

"மணி கேக்கல."

"ரெண்டு கையும் பிரேக்குல இருக்கு, எந்தக் கையால அடிக்கறது?" என்றாள்.

அவளுடைய மணியில் விரலை வைத்து, அந்த இறக்கம் முடியும்வரை நான் அடித்துக்கொண்டே வந்தேன்.