வார்டுப் பேச்சுக்கு மதிப்பெண்

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில் நான் செவிலியர் மேற்பார்வையாளர். சென்ற ஆண்டு எங்கள் எல்லோருடைய செல்போனிலும் ஒரு பயிற்சிச் செயலியை ஏற்றச் சொன்னார்கள். செயற்கை நுண்ணறிவில் ஓடுவது. அது நோயாளி மாதிரி பேசும். நாம் வாயாலேயே பதில் சொல்ல வேண்டும். "இடுப்பில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, எழுந்திருக்கப் பயமாக இருக்கிறது" என்று வயதான ஒருவரின் குரலில் அது சொன்னால், அவரை எப்படி எழுப்புவோம் என்று பேசிக் காட்ட வேண்டும். சரியாகச் சொன்னால் நட்சத்திரம். ஒருநாளும் விடாமல் ஆடினால் கூடுதல் நட்சத்திரம். சாப்பாட்டு அறை டிவியில் தரவரிசைப் பட்டியல் ஓடும். மாதம் முடிந்ததும் முதலிடத்துக்கு ஒரு குக்கர்.

எனக்கு அது பிடித்திருந்தது. இரண்டாம் இடத்தில் இருந்தேன். பஸ்ஸில் வரும்போதுகூட ஆடுவேன்.

கடைசி இடத்தில் இருந்தவர் என் வார்டு உதவியாளர். ஏரலிலிருந்து தினமும் வருகிற பெண்மணி, ஏறக்குறைய என் வயது. நோயாளிகளைத் துடைத்து விடுவதும் எழுப்பி நடக்க வைப்பதும் அவர் வேலை. மூன்று வாரமாக அவர்தான் கடைசி. "உங்க வார்டால மொத்தமும் கீழ போகுது" என்று மேலாளர் என்னிடம் சொன்னார். அந்த எரிச்சலில், காலையில் ஷிப்ட் மாறும் நேரம், எல்லோரும் நிற்கும்போதே, ஏன் கடைசியிலேயே இருக்கிறீர்கள் என்று அவரைக் கேட்டுவிட்டேன்.

"நான் நல்லாத்தான் சொல்லுதேன் சிஸ்டர். அது ஏத்துக்கிட மாட்டேங்கு" என்றார்.

"எல்லார்கிட்டயும் ஏத்துக்கிடுது, உங்ககிட்ட மட்டும் என்னவாம்?"

யாரோ சிரித்தார்கள். அவர் படுக்கை விரிப்புகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரமே, அவர் பதில்களை அறிக்கையாக மேலே அனுப்பவேண்டி, கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். அவர் பேசியதைச் செயலி எழுத்தாக்கி வைத்திருந்தது. "பையன் இந்திரன் கண்ணாடி" என்று முதல் வரி. கீழே, "பதில் கேள்விக்குத் தொடர்பற்றது. பூஜ்யம்." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்திலேயே ஒலிப்பதிவு இருந்தது. போட்டுக் கேட்டேன்.

"பைய எந்திரிங்க அண்ணாச்சி. அங்கன புடிக்காதிய, இங்கன என் தோள புடிங்க. ஒரு அவசரமும் இல்ல."

அடுத்ததையும் கேட்டேன். வரிசையாக ஏழு பதிவு. வார்டில் தினமும் என் காதில் விழுகிற அதே பேச்சு. நாங்கள் செயலியிடம் புத்தகத் தமிழில் பேசுவோம்; இவர் நோயாளியிடம் பேசுகிறபடியே பேசியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம். ஏழாவதில், "மீண்டும் முயலுங்கள்" என்று அந்தக் குரல் சொன்னதும், இவர், "சரி அண்ணாச்சி, வலிக்குன்னா இன்னைக்கு வேண்டாம். படுங்க, நாளைக்குப் பாப்போம்" என்கிறார். அறிக்கையை அனுப்பாமல் மூடிவிட்டேன்.

லிஃப்ட் பக்கம் அவரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கு நம்ம பேச்சு தெரியலயாக்கும்" என்று சிரித்தார். அவ்வளவுதான்.

மேலாளர் செயலிக்காரர்களுக்கு எழுதினார். பணியாளர்கள் தெளிவான பொதுத்தமிழில் பேச வேண்டும் என்று பதில் வந்தது. வேறு வழியில்லாமல், செய்தி வாசிக்கிற மாதிரி பேசுங்கள் என்று அவரிடம் சொன்னேன். ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார். "ஐயா, மெதுவாக எழுந்திருங்கள்." பத்து நாளில் நான்காம் இடம்.

ஆனால் பழக்கம் வார்டுக்கும் வந்துவிட்டது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து தொடை எலும்பு முறிந்து வந்திருந்த பெரியவர் ஒருவரிடம் அதே குரலில் சொல்லியிருக்கிறார். பெரியவர் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவே மறுத்துவிட்டார். சத்தம் கேட்டு நான் போனேன்.

"ஏன் தாயி பெரிய டாக்டர் மாதிரி இப்படிப் பேசுதிய? மறுபடி ஆப்பரேசனா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அய்யோ, அதெல்லாம் இல்ல அண்ணாச்சி. சும்மா ஒரு வெளயாட்டுக்குப் பேசிப் பழகுதேன்" என்று சொல்லி அவர் முதுகில் கை கொடுத்தார். பெரியவர் எழுந்து ஜன்னல்வரை நடந்தார்.

அதற்குப் பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் ஷிப்ட் மாறும்போது, எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "அன்னைக்கு நான் பேசுனது தப்பு. இவங்க சரியாத்தான் சொல்லியிருக்காங்க. நான் கேட்டுப் பாக்காம பேசிட்டேன்."

அவருக்குத்தான் கூச்சமாகப் போயிற்று. "விடுங்க சிஸ்டர். அஞ்சாம் பெட்டுக்காரவங்க ரொம்ப நேரமா கூப்பிடுதாங்க" என்று நகர்ந்துவிட்டார்.

அந்த மாதம் குக்கர் வேறு வார்டுக்குப் போனது. சாப்பாட்டு அறைப் பட்டியலை நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. என் வார்டுப் பெயர்களை மட்டும் எடுத்துவிடச் சம்மதித்தார்கள்.