அத்தையை வேவு பார்த்த ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் கொரட்டூர் வீட்டில் சண்டை நிச்சயம். டிவியில் கார் பந்தயம் ஓடும். அப்பா கால் நீட்டி உட்கார்ந்து, தானே பிரேக் பிடிப்பவர்போலப் பாதத்தை அழுத்துவார். அவருடைய தங்கை, என் அத்தை, கண்ணாடி முன் தலையை இறுக்கி முடிந்துகொண்டே சீண்டுவாள்.

"தார் ரோட்ல அதே வளைவ சுத்திச் சுத்தி வர்றதுல இன்னாண்ணா பெருமை? ராலில வந்து ஓட்டச் சொல்லு."

"மண்ணுல சறுக்கிகினு போறதெல்லாம் ஓட்டமா? இங்க ஒரு நூலு தப்புனா செவுத்துல கீறான்."

அத்தை அம்பத்தூரில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஞாயிறுதோறும் ஆபீஸ் பெண்களோடு ராலி, அதாவது மண்பாதைக் கார் பந்தயம், பழகப் போவதாகச் சொல்வாள். சாயங்காலம் புருவம் வரை செம்மண்ணோடு திரும்புவாள். அப்பா மண்ணை நம்பினார், பெண்களை நம்பவில்லை. நடுவில் எவனோ இருக்கிறான் என்று சந்தேகம். இருந்தால் வண்டியும் கிடையாது, வேலையும் கிடையாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீயும் கூடப் போ. எவனாச்சும் இருந்தான்னா சிரிக்கிறானா, மூஞ்சியப் பாக்குறானா, கையக் கிய்யத் தொட்றானா, எல்லாம் கவனிச்சுகினு வா."

எனக்கு அப்போது ஒன்பது வயது. அவ்வளவு பெரிய பொறுப்பை அதுவரை யாரும் தந்ததில்லை.

செம்பரம்பாக்கம் தாண்டி, மனை போட்டும் விற்காமல் கிடந்த நிலத்தில் முள்செடிகளுக்கு நடுவே ஒரு மண்பாதை. அங்கே ஒரு பழைய கார் நின்றது. பக்கத்தில் கண்ணாடி போட்ட, ஒல்லியான ஒருவர்.

"ஆபீஸ் பொண்ணுங்க எங்க?" என்றேன்.

"இன்னிக்கு வர்ல," என்றாள் அத்தை, என்னைப் பார்க்காமல்.

என்னையும் ஏற்றிக்கொண்டு முதல் சுற்று மெதுவாகப் போனார்கள். நான் பின்சீட்டிலிருந்து இரண்டு பேரின் கைகளையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் கையில் பாதையின் வளைவுகளைக் குறித்த காகிதம், அத்தை கையில் ஸ்டீயரிங். அவர் காகிதத்தைவிட்டுத் தலை நிமிரவே இல்லை. "லெஃப்ட்டு. மேடு. மேட்டுல காலை எடுக்காத, போ. உடனே ரைட்டு." அவ்வளவுதான் பேச்சு.

பிறகு என்னை மரத்தடியில் இறக்கிவிட்டு வேகமாகப் போனார்கள். மேட்டுக்கு அந்தப்பக்கம் பாதை எப்படித் திரும்புகிறது என்று வண்டிக்குள்ளிருந்து தெரியாது. அத்தை அந்த மேட்டில் பிரேக்கே பிடிக்காமல் ஏறினாள். வண்டி ஒரு கணம் தரையைவிட்டு எழும்பியது.

திரும்பும்போது பூந்தமல்லி சிக்னலில், அத்தையின் ஸ்கூட்டரில் பின்னாலிருந்து கேட்டேன். "அப்பா பாக்குற ரேஸ் கஷ்டமா, இது கஷ்டமா?"

"அவங்க வேகம் எனக்கு வராதும்மா. அவங்களுக்கு வளைவு மனப்பாடம். எந்த எடத்துல பிரேக் புடிக்கணும்னு இம்மி பிசகாம தெரியும். எனக்கு அந்தாண்ட இன்னா கீதுன்னே தெரியாது. அவர் 'போ'ன்னா காலை எடுக்காம போவணும். அதான் கஷ்டம்."

"அவரு தப்பா சொல்லிட்டா?"

"சொல்ல மாட்டாரு."

இது அப்பா கேட்ட கேள்விகளில் இல்லை என்பதால் மனதில் குறித்துக்கொள்ளவில்லை.

வீட்டில் அப்பா டிவியில் பந்தயத்தை ஓடவிட்டுக் காத்திருந்தார். அத்தை குளிக்கப் போனதும் ஒப்பித்தேன். "ஒருத்தர் கீறாரு. ஆனா சிரிக்கவே இல்ல. மூஞ்சியப் பாக்கல. தொடவும் இல்ல. லெஃப்ட்டு, ரைட்டுன்னாரு, அவ்ளோதான்."

அப்பா நிம்மதியாக மூச்சுவிட்டார்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அவரு சொன்னா, ஒங்க அத்தை அப்டியே திருப்புச்சா?"

"ஆமா. அந்தாண்ட இன்னா கீதுன்னு தெரியாத மேட்டுலகூட பிரேக் புடிக்கல."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "ஒங்க தங்கச்சி, பொறந்ததுலேர்ந்து யார் பேச்சக் கேட்டுகீறா? இதுக்கு மேல இன்னா பாக்கணும்?"

பந்தயம் முடிய இன்னும் சில சுற்றுகள் இருந்தும் அப்பா டிவியை நிறுத்தினார்.

"அந்த ஆளு எந்த ஊராம்?" என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு தடவைகூடச் சிரிக்காத ஆளுக்கு ஊர் எதுவாக இருந்தால் என்ன?