சீட்டு என் பேரில் விழுந்தது

கனகமணி அக்கா இறந்துவிட்டார் என்று ஃபோன் வந்தபோது, இங்கே கோயமுத்தூர் வீட்டில் மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். "இந்த வெயில்ல காங்கேயம் வரைக்கும் எதுக்குங்கம்மா? இன்னொரு நாளைக்குப் போலாம்" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல மகன் வெளியே பூட்டிக்கொண்டு போனான். கடைசியாக அக்கா முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. இதை நான் மறக்கப்போவதில்லை.

அக்காவுடன் மாதிரிக் கணக்கெடுப்பு வேலை பார்த்த நீங்கள் நினைவு மலருக்கு எழுதச் சொன்னீர்கள். எனக்கு அஞ்சாவது வரைதான் படிப்பு. ஞாபகத்தில் மட்டும் பழுதில்லை.

எங்கள் ஊருக்கு அவர் கணக்கெடுக்க வந்தபோது நான் கல்யாணமாகிப் போன புதுசு. எல்லா வீட்டிலும் கேட்க மாட்டார்களாம். சீட்டுக் குலுக்கிப் போட்டு, எந்த வீட்டுக்கு விழுகிறதோ அங்கே மட்டும்தானாம். எங்கள் வீட்டுக்கு விழுந்தது. வீட்டுப் பெண்களில் யாரைக் கேட்பது என்பதற்கும் சீட்டு. என் பேர் வந்தது.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"அவளுக்கு என்னங்க தெரியும்? நான் சொல்றனுங்க, எழுதிக்குங்க."

"நீங்க சொன்னா அது உங்க பதிலுங்க ஆத்தா."

"அப்ப மறுக்கா ஒருக்கா போடுங்க. பெரிய மருமக நல்லாப் பேசுவா, அவ பேரு வரட்டும்."

"புடிச்ச பேரு வர்ற வரைக்கும் போட்டா அது சீட்டுங்களா?" அக்கா சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

மாமியார் என்னைச் சோளக்காட்டுக்கு அனுப்பிவிட்டார். அக்கா மறுபடி வந்தார். எனக்குக் காய்ச்சல் என்றார்கள். மறுபடியும் வந்தார். "பக்கத்து ஊட்டுல கேட்டுட்டுப் போறதுதானே?" என்று என் வீட்டுக்காரர் எகிறினார். "அவங்களுக்குச் சீட்டு விழலைங்களே" என்றார் அக்கா. கடைசியில் மாட்டுக்கொட்டகையில் என்னைத் தனியாக உட்காரவைத்தார்.

"யாரையும் கேக்காம நீங்களா எங்கெங்க போவீங்க? சந்தை? ஆஸ்பத்திரி? அம்மா ஊடு?"

"எங்கயுமில்லைங்க்கா."

எழுதிக்கொண்டார். எனக்கு ஆசை வந்துவிட்டது. "இதைப் படிச்சுட்டு யாராச்சும் வந்து என்னை அம்மா ஊட்டுக்குக் கூட்டிப்போவாங்களா?"

"மாட்டாங்க அம்மணி. உங்க பேரே அதுல இருக்காது."

"அப்புறம் எதுக்குங்க என்னைக் கேட்டீங்க?"

"உங்களை உட்டுப்போட்டு, வெளிய போய்வர்றவங்களையே பாத்துக் கேட்டா, இங்க எல்லாப் பொம்பளைகளும் நெனச்ச எடத்துக்குப் போறாங்கன்னு ஆயிருமுங்க."

அன்று எனக்கு அது போதவில்லை. பதிலை வாங்கிக்கொண்டு அவர் பஸ் ஏறிப் போய்விட்டார்; நான் கொட்டகையிலேயே நின்றேன். அந்தக் கோபம் வருஷக்கணக்காக உள்ளே கிடந்தது. பிறகொரு கல்யாணத்தில் பார்த்தபோது முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். அக்கா மழுப்பவில்லை. "கோவத்தை வெச்சுக்குங்க அம்மணி. உங்க பதிலை மட்டும் வேற யாரையும் சொல்ல உடாதீங்க" என்றார். அதற்கப்புறம்தான் ஃபோனில் பேசிக்கொள்ள ஆரம்பித்தோம்.

அவர் கேட்ட அந்தக் கேள்விதான் என்னிடம் இருக்கிறது. இன்று கேட்டாலும் அதே பதில்தான். என் மகனைக் கேட்டால், "அம்மாவுக்கு என்னங்க, ராணி மாதிரி இருக்காங்க" என்பான். அவனைக் கேட்காதீர்கள். கோயமுத்தூரில் உங்கள் சீட்டு எங்கள் வீட்டுக்கு விழுந்தால், பூட்டியிருக்கிறது என்று அடுத்த வீட்டுக்குப் போய்விடாதீர்கள். நான் உள்ளேதான் இருக்கிறேன்.