கார்மேகத்தின் பென்சில் குறி

தொழில்: பொதுத் துப்புரவாளர். பணி விவரம்: தரை, கண்ணாடி, கழிப்பறை ஆகியவற்றைச் சுத்தம் செய்தல். மேற்பார்வையாளர் சொன்னபடி இயங்குதல். சுயமாக முடிவெடுக்கும் தேவை இல்லை.

கார்மேகத்தின் வேலை ஒப்பந்தத்தில் அவனைப் பற்றி இருந்தது இவ்வளவுதான். கையெழுத்துப் போட்டவன் அவனே என்பதால் பொய் என்றும் சொல்ல முடியாது. ஆனால் வளைகுடாவில், தேராக் கடைவீதியில் வேட்டைச் சாமான் விற்கும் அந்தக் கடையில், ஐந்து வருஷமாக அவன் துடைத்ததைவிட உற்றுப் பார்த்ததுதான் அதிகம். துப்பாக்கியின் மேல் பொருத்துகிற தொலைநோக்கிக் குழாய், அதாவது ஸ்கோப், எது வந்து இறங்கினாலும் முதலில் அவன் கண்ணுக்குப் போய்விட்டுத்தான் அலமாரிக்குப் போகும். இத்தனைக்கும் வாழ்நாளில் அவன் துப்பாக்கி பிடித்ததில்லை. முதுகுளத்தூர்த் திருவிழாவில் பலூன் சுடக்கூடக் காசு கொடுத்ததில்லை.

வித்தை வேறிடத்தில் கிடைத்தது. முன்பு சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் தங்கி, ரோடு போடும் கம்பெனியில் சர்வேயருக்கு அளவுகோல் பிடித்து நின்றான். சர்வேயர் ஒன்றுக்கு ஒதுங்கும்போதெல்லாம் அவருடைய கருவியில் திருட்டுத்தனமாகக் கண் வைப்பான். கண்ணாடிக்குள் தெரியும் குறுக்குக் கம்பி எங்கே நிற்க வேண்டும், கண்ணை அசைத்தால் அது ஏன் அசையக் கூடாது என்பதெல்லாம் அப்படித் தெரிந்தது. கம்பெனி மூடியபோது வேட்டைக் கடையில் துப்புரவாளர் விசா ஒன்று காலியாக இருந்தது. அதில் ஒட்டிக்கொண்டான்.

ஸ்கோப்பை இடுக்கியில் இறுக்கி, எதிர்க் கட்டிடத்தின் பெயர்ப்பலகை மேல் கம்பியை நிறுத்துவான். குமிழைத் திருகி நாற்பது கிளிக் மேலே, நாற்பது வலது, நாற்பது கீழே, நாற்பது இடது என்று ஒரு சதுரம். கம்பி புறப்பட்ட எழுத்துக்கே திரும்பி வர வேண்டும். பிறகு கீழே செய்கு முகம்மதுவின் ஜூஸ் கடை ஃப்ரீசரில் மாம்பழக் கூழுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம். வெளியே எடுத்ததும் கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி பிடித்தால் தேறாது. கடைசியில் பார்சல் தராசில் எடை. தேறாத பெட்டியின் அடியில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. அந்தக் குறி போட்ட பெட்டியை வாடிக்கையாளர் முன்னால் அவன் வைத்ததே இல்லை. ஒரு துப்புரவாளனுக்கு இவ்வளவு திமிர் ஆகாதுதான்.

இப்படிப்பட்டவனுக்கு முப்பத்துமூன்று வயதில் பெண் அமைந்தது. பெயர் தாமரை. வீடியோ காலில் நான்கு முறை பேசியிருந்தார்கள். நான்காவது முறை அவள் சிரித்தாள். அதற்கு மறுநாள் அவள் அண்ணன் தியாகு கூப்பிட்டான்.

“மாப்ள, தப்பா எடுத்துக்கிறாதீக. விசா காப்பி ஒண்ணு அனுப்பிவிடுங்க. நாலு பேரு கேக்குறாக.”

“எதுக்கு மாப்ள, நாந்தான் ஆப்டிக்ஸ்ல இருக்கேன்னு சொன்னேன்ல?”

“அதேதான் அதுல எழுதியிருக்கும்ல? அனுப்புறதுல என்ன?”

விசா ரினியூவலுக்குப் போயிருக்கிறது, வந்ததும் அனுப்புகிறேன் என்றான் கார்மேகம். அவன் சொன்ன முதல் பொய் அது. கூச்சத்தோடு சொன்ன கடைசிப் பொய்யும் அதுதான்.

மேனேஜர் விஜயபாஸ்கர் கோயம்புத்தூர்க்காரர். எம்.பி.ஏ. படித்தவர். கார்மேகம் சேல்ஸ்மேன் விசா கேட்டு நின்றபோது அவருக்குக் கோபம் வரவில்லை. அலமாரியைக் காட்டினார். கடையின் சொந்தப் பெயர் பொறித்து வரவழைத்த நாற்பது ஸ்கோப்புகள் அங்கே இருந்தன. முப்பத்தொரு பெட்டிகளின் அடியில் பென்சில் குறி இருந்தது.

“சேல்ஸ்மேன்னா என்னப்பா? விக்கிறவன். நீ விக்க விடாதவனா இருக்கறயே! இதுல ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு உங்கையால வித்துக் காட்டு. அன்னிக்கே பேப்பர் போட்டர்றேன்.”

“சார், கம்பி திரும்பி வரமாட்டேங்குது.”

“வாங்கறவனும் திரும்பி வரமாட்டான், உடு.”

தேறிய ஒன்பதையும் அவர் ஏற்கெனவே அபுதாபிக் கண்காட்சிக்கு அனுப்பிவிட்டிருந்தார்.

அந்த வாரமே அபு சயீத் வந்தார். புஜைரா துறைமுக அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். அரபியில் தொடங்கி இந்தியில் முடிக்கும் மனிதர். பெயர் வாயில் நுழையாததால் கார்மேகத்தை கரீம் என்பார். வெளிநாட்டு மலை ஒன்றில் காட்டாடு வேட்டைக்கு முறையான அனுமதி வாங்கியிருந்தார். ஏழு வருஷம் சேர்த்த பணம், சுடக் கிடைப்பது ஒரே ஆடு.

“கரீம் பாய், எனக்கு வலது தோள் சரியில்லை. கனம் ஆகாது. விலையும் ஆகாது. நம்பிக்கையான சாமான் வேண்டும். மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது என்று மகன் சிரிக்கிறான்.”

மகன் சொன்னது தப்பு. மூன்றும் ஒன்றாக இருந்த வேறு கம்பெனி ஸ்கோப் ஒன்று கடையில் இருந்தது. முந்நூற்று அறுபது கிராம், மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு பெரிதாக்கும், அலங்காரம் எதுவும் கிடையாது. ஃப்ரீசரையும் சதுரத்தையும் இரண்டு முறை தாண்டியது. கார்மேகத்தின் கை அதை எடுக்கத்தான் போனது. கல்லாவிலிருந்து விஜயபாஸ்கர் இருமினார். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். தியாகு ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்பியிருந்தான்.

கை பக்கத்து அலமாரியில் கடைப் பெயர் பொறித்த பெட்டிக்குப் போனது.

“இதுவும் எடை குறைச்சல்தான் பாபா. புது மால்.”

“நீ பார்த்தாயா? உன் கண்ணால்?”

“பார்த்தேன்.”

அது உண்மை.

“அச்சா. நீ பார்த்தால் கலாஸ். நான் பார்க்க வேண்டியதில்லை.”

பில் போடும் நேரத்தில் பெட்டியைத் திருப்பி, கட்டைவிரலில் எச்சில் தொட்டு, பென்சில் குறியை அழித்தான்.

விஜயபாஸ்கர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதுதான் இதில் எரிச்சல். மூன்றாவது வாரம் விசா வந்தது. சேல்ஸ்மேன் என்றே இருந்தது. தியாகு ஐந்து கட்டைவிரல் அனுப்பினான். தை மாதத்தில் தேதி குறித்தார்கள்.

கார்த்திகையில் அபு சயீத் திரும்பி வந்தார். கையில் பேரீச்சம்பழ டப்பா ஒன்றும் அதே ஸ்கோப் பெட்டியும் இருந்தன. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று கார்மேகம் நினைத்தான். ஏறக்குறைய ஆசைப்பட்டான்.

“ஆறு நாள் ஏறினேன், கரீம். இருநூறு மீட்டரில் அசையாமல் நின்றது. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது. சுட்டேன். ஒரு முழம் தள்ளிப் பாறையில் பட்டது, ஓடிவிட்டது.” தன் இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்துக்கொண்டார். “கை நடுங்கிவிட்டது போலிருக்கிறது. வயசு. உன்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, நீ நல்ல சாமான்தான் கொடுத்தாய்.”

துப்பாக்கியை விற்றுவிட்டாராம். இனி மலைக்குப் போவதில்லையாம். ஸ்கோப்பைத் தங்கை மகனுக்குக் கொடுக்கப் போகிறார். கண்ணாடியில் மலைத்தூசி இருக்கிறது, கொஞ்சம் துடைத்துத் தர முடியுமா என்றார். டப்பா கல்யாணத்துக்கு. மேனேஜர் சொன்னாராம்.

கடையில் வேறு ஆள் இல்லை. விஜயபாஸ்கர் வங்கிக்குப் போயிருந்தார். இடுக்கி மேசையிலேயே இருந்தது. நாற்பது கிளிக் சுற்றி, கம்பி திரும்பி வராததைக் காட்ட இரண்டு நிமிஷம் போதும்; கிழவர் தன் கைகளை அப்படிப் பார்ப்பதை நிறுத்தியிருப்பார்.

கார்மேகம் பேரீச்சம்பழத்தை வாங்கி வைத்தான். மெல்லிய துணியால் ஸ்கோப்பின் இரு பக்கக் கண்ணாடியையும் துடைத்தான். பெட்டியில் போட்டு அவரிடம் கொடுத்தான்.