ஒரு மீனுக்கான உப்பு

எங்கள் கம்பெனியில் கடல் தயாராகிறது என்று வீட்டில் பெருமையடித்துக்கொள்வேன். அலைச் சத்தம்தான் கேட்கவில்லை என்று என் வீட்டுக்காரர் மட்டம் தட்டுவார். அவர் சொல்வதும் சரிதான். கண்ணாடித் தொட்டியில் கடல்மீன் வளர்க்கிறவர்களுக்கு உப்புப்பொடி கலந்து பையில் அடைத்து அனுப்புகிறோம், அவ்வளவுதான். முன்னறையில் பில் போடுவதும் போன் எடுப்பதும் என் வேலை. என் ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உப்பு கலக்கும் ஒரு பெரிய உருளை சுழன்றுகொண்டே இருக்கும். அதன் பக்கத்தில் நிற்பவர் கலவைக்காரர்.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். மனைவி இறந்து ரொம்ப காலமாகிறது, பிள்ளைகுட்டி கிடையாது. காற்றில் கொஞ்சம் ஈரம் ஏறினாலும் உப்பு கட்டிதட்டிவிடும் என்பதால் நாள் முழுக்கக் கதவை அடைத்துக்கொண்டு, முகமூடியோடு உள்ளேயே கிடப்பார். பேச ஆள் இல்லை. இருந்தாலும் உருளைச் சத்தத்தில் காதில் விழாது. சாப்பாட்டு நேரத்திலும் சுவரைப் பார்த்துத்தான் உட்காருவார்.

என் மகள் பிறந்தநாளுக்கு ஒருமுறை அழைத்தேன். வந்தார், ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்தார், நின்றபடியே கேக்கைத் தின்றார், போய்விட்டார். வேலை இல்லாத இடத்தில் தனக்கென்ன இடம் என்று நினைக்கிறவர். அவரைப் பார்த்தால் எனக்குப் பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

ஒருநாள் ஒரு பெண்மணி போன் செய்தார். எங்கள் உப்பைக் கரைத்தால் தண்ணீர் பால் மாதிரி ஆகிவிட்டது, தொட்டியில் ஊற்றியதும் இரண்டு மீன் செத்துவிட்டது, ஒன்றே ஒன்று மிச்சம், அதையாவது காப்பாற்ற யாரையாவது அனுப்புங்கள் என்றார். சண்டை போடவில்லை. தொட்டி அவருடைய கணவருடையதாம். அவர் காலமாகிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமை வெட்டியாக இருப்பவர் கலவைக்காரர் ஒருவர்தான் என்பதால் அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டேன்.

அங்கே நடந்ததை அவர் வாயிலிருந்து கறப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த அம்மாள் வாளியில் முதலில் உப்பைக் கொட்டி, மேலே தண்ணீரை ஊற்றியிருக்கிறார். அப்படிச் செய்தால் கால்சியமும் சோடா உப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுண்ணாம்பாக வெளுத்துவிடும். தண்ணீரைச் சுழலவிட்டுக்கொண்டு, அதில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். தெளிந்த பிறகுதான் தொட்டிக்குப் போக வேண்டும். இவர் புதிதாகக் கலந்து, தண்ணீரை மாற்றிவிட்டு, மீன் தேறும்வரை அங்கேயே இருந்திருக்கிறார். ஆரஞ்சு நிறம், வெள்ளைப் பட்டை, கட்டைவிரல் நீளம்கூட இல்லை என்றார்.

பையில் போட்டிருக்கும் அலைப் படத்தைக் காட்டி, இது எந்தக் கடல் உப்பு என்று அந்த அம்மாள் கேட்டாராம். இவருக்குப் பொய் வராது. பெரும்பங்கு கடற்கரையே இல்லாத ஊரில் பூமிக்கடியில் வெட்டியெடுத்து, சுத்தம்செய்து, மறுபடி காய்ச்சிய உப்பு. மக்னீசியம் எங்கோ ஓர் உப்பேரியில் உப்பை வாரியபின் மிஞ்சும் கசப்புத் தண்ணீரிலிருந்து வருவது. கால்சியம் சுண்ணாம்புக்கல்லில் தொடங்கி ஆலை வழியாக வருவது. மற்றதெல்லாம் சிட்டிகை சிட்டிகையாக. கடல்நீரையே காய்ச்சி எடுத்தால் ஒவ்வொன்றும் தனித்தனி நேரத்தில் படிந்துவிடும், திரும்பக் கரைத்தால் எல்லாம் கரையாது, அதனால்தான் பிரித்து வாங்கிச் சேர்க்கிறோம் என்று விளக்கியிருக்கிறார்.

"அப்ப இதுல கடல் இல்லவே இல்லையா?"

"அந்தச் சுரங்கமே ஒரு காலத்துல கடல்தாங்க. காஞ்சு போச்சு."

அந்த அம்மாள் சிரித்தாராம். இதைச் சொல்லும்போது இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் உப்புப் பையோடு கிளம்பினார். கலக்கும் முறையை ஒருதடவை காட்டிக்கொடுத்தால் யாரும் செய்துகொள்ளலாம். அதை இவரும் சொல்லவில்லை, அந்த அம்மாளும் கேட்கவில்லை. தண்ணீர் மாற்றியபின் காபி. இவர் நாற்காலியில் உட்கார்ந்து குடிக்கிறார் என்று தெரிந்தபோது எனக்கு நம்ப முடியவில்லை. சனிக்கிழமை வந்தால் சட்டைக்கு இஸ்திரி போட வேண்டும் என்று சீக்கிரமே கிளம்புவார். "என்னண்ணே, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று சீண்டுவேன். மீன் பார்க்கப் போகிறேன் என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் போன் செய்தார். மீன் போய்விட்டது. உப்பின் குற்றம் ஒன்றுமில்லை, வயதான மீன் என்றார். இனி அவர் சிரமப்பட வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னார். நான் போய்ச் சொன்னேன். கலவைக்காரர் தராசில் கண் வைத்தபடியே "சரிம்மா" என்றார். அன்று அவர் சாப்பிட வெளியே வரவில்லை.

திங்கட்கிழமை மறுபடி அதே குரல்.

"நேத்து அவர் வந்தாரு" என்றார் அந்த அம்மாள். "வாசல்ல நின்னாரு. பெல் அடிக்கல. நானும் உள்ள நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன், அடிப்பாருன்னு. போயிட்டாரு."

லைனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு ஓடினேன். உருளை ஓடும்போது அவர் நகரவே மாட்டார். அன்று நகர்ந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து ரிசீவரைப் பிடித்தார். மெதுவாக, "மீன் இல்லாம வரலாமான்னு தெரியலங்க. அதான் போயிட்டேன்" என்றார். அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டார். "சரிங்க" என்று வைத்துவிட்டார்.

என்ன சொன்னார்கள் என்று மடக்கினேன்.

"அவங்களும் அதேதான் யோசிச்சாங்களாம். மீன் இல்லாம எப்படிக் கூப்பிடறதுன்னு."

"அப்ப போறீங்களா?"

"நான் கேக்கல. அவங்களும் சொல்லலம்மா."

உள்ளே போய்விட்டார். இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து நன்றாகத் திட்ட வேண்டும் போலிருந்தது. நம்பர் இன்னும் போன் திரையில்தான் இருந்தது. அழுத்தினேன். முதல் மணியிலேயே அந்த அம்மாள் எடுத்துவிட்டார்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை அவர் வருவாரு" என்றேன். "சும்மாதான் வருவாரு."