ஐரீனின் சுவரும் ஜூலியாவின் இரண்டு கார்புரேட்டர்களும்

ராயபுரத்தில் வால்டர் வீட்டுக்கு யார் போனாலும் காரில்தான் உட்கார வேண்டும். காரில் போய் இறங்குவதைச் சொல்லவில்லை. கார் ஹாலில் நிற்கிறது. விருந்தாளிகள் அதில்தான் உட்காருவார்கள். பின் சீட்டில் மூன்று பேர், முன்னால் ஒருவர். காபி ஜன்னல் வழியாக வரும். மின்விசிறி காரின் கூரைக்கு நேர் மேலே சுற்றுவதால் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டால்தான் கொஞ்சம் காற்று. வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார்கூட முன் சீட்டில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு, போகிற போக்கில் ஸ்டீயரிங் மேலும் இரண்டு சொட்டு தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார்.

அந்த வீட்டில் காரில் உட்காராத ஒரே ஆள், வால்டரின் மனைவி ஐரீன்.

வால்டர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கப்பல் சங்கு ஊதி ஊதி இடது காது செத்துப்போனதும் இந்தக் காரும்தான் அவருடைய வாழ்நாள் சம்பாத்தியம். எண்ணூர்ப் பக்கம் வேலைக்கு வந்த ஓர் இத்தாலிக்கார எஞ்சினியர் ஆசை ஆசையாகக் கப்பலில் வரவழைத்த வண்டி அது. ஆல்ஃபா ரோமியோ ஜூலியா. எஞ்சினியர் ஊருக்குப் போய்விட்டார், வண்டி ஒரு குடோனில் கிடந்து கோழிகளுக்கு வீடாகிவிட்டது. இடத்தைக் காலி செய்தால் போதும் என்று குடோன்காரர் கைகழுவியதை, வால்டர் தன் கூட்டாளிகளோடு கடற்கரைச் சாலை நெடுகத் தள்ளிக்கொண்டு வந்தார். இப்போது ஹாலாக இருக்கும் முன்னறையில் அப்போது ஐரீனின் அப்பா வலைக்கடை வைத்திருந்ததால் வாசல் ஒரு ஷட்டர் அகலம். தெருவும் வீடும் அப்போது ஒரே மட்டம். வண்டி வழுக்கிக்கொண்டு உள்ளே வந்து நின்றது.

"இன்னாம்மே, ஏறிக் குந்து," என்று வால்டர் கதவைத் திறந்துவிட்டார்.

"ஓடாத வண்டில ஏறிக் குந்த நான் இன்னா பொணமா? அது ஓடுற அன்னிக்கு ஏறுறேன்," என்றாள் ஐரீன். மகள் ஜூடி அப்போது ஒன்றாம் வகுப்பு. இன்றைக்கு அவளுக்குக் கல்யாண வயது. ஐரீன் இன்னும் ஏறவில்லை.

இதற்கு நடுவில் தெரு உயர்ந்துவிட்டது. நம் ஊரில் ரோடு போடும் லட்சணம்தான் தெரியுமே! பழையதைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதுசைக் கொட்டிவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு தடவையும் தெரு ஒரு சாண் ஏறியது, வீடு ஒரு சாண் இறங்கியது. பெரிய வெள்ளம் வந்த வருஷம் தெருத்தண்ணீர் மொத்தமும் ஹாலுக்குள் பாய்ந்து ஐரீனின் ஆர்மோனியத்தைக் கொண்டுபோனது. அவள் கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவள். ஆர்மோனியம் போனதில் மூன்று நாள் அழுதாள். நான்காம் நாள் கொத்தனாரைக் கூட்டிவந்து, பக்கத்திலேயே நின்று, வாசலை அடைத்து இடுப்புயரத்துக்குச் சுவர் எழுப்பிவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் போவதென்றால் ஓரமாக இந்தப் பக்கம் இரண்டு படி ஏறி, அந்தப் பக்கம் நாலு படி இறங்க வேண்டும்.

"ஐரீனு, வண்டி எப்டி வெளிய போவும்?" என்று வால்டர் பரிதாபமாகக் கேட்டார்.

"ஓடாத வண்டிக்கு வழி எதுக்கு?"

நியாயமான கேள்வி. அதனால் வால்டர் போய்க் கார்புரேட்டரைக் கழற்றினார்.

கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். ஜூலியாவுக்கு ஒன்றுக்கு இரண்டு கார்புரேட்டர். காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டிவிடும் அந்த இரண்டு வாயும் ஒரே அளவில் மூச்சு இழுக்க வேண்டும். ஒன்று அதிகம் இழுத்து மற்றொன்று குறைத்தால் எஞ்சின் உதறிக்கொண்டு நின்றுவிடும். வருஷக்கணக்காக அது உதறிக்கொண்டு நின்றது. சுவர் இருப்பது அவருக்குத் தெரியாதா? கண்ணா இல்லை? தினம் நாலு படி ஏறி இறங்குகிறவர்தானே! ஆனால் மனுஷனுக்கு வெளியே போக வேண்டும் என்ற ஆசையே இல்லை. அது ஒரு தடவை ஓடிவிட வேண்டும், ஐரீன் ஒரு தடவை ஏறிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பெட்டி மாதிரி இருக்கும் அந்த உடம்பைப் பார்த்து வருகிறவன் போகிறவன் எல்லாம் "ஃபியட்டா மாமு?" என்று கேட்டுவிடுவான். வால்டருக்கு அங்கேதான் கோபம் வரும். தெருவில் பாதிப் பேரோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது இதனால்தான். அடுத்த வீட்டு ரமாபாய் ஒரு தடவை வாய் தவறி ஃபியட் என்று சொல்லப்போய், இரண்டு கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு இந்த வீட்டிலிருந்து கேக் போகவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஜூடி, தன்னோடு வேலை செய்யும் ஜெஸ்வினைப் பற்றிச் சொன்னாள். பையன் தங்கம். அப்பா வெள்ளத்துரை, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், திருவொற்றியூரில் பருப்பு மொத்த வியாபாரம். அம்மா தங்கபுஷ்பம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பேசி முடிக்க வருகிறார்கள்.

"சம்பந்தியக் கார்ல குந்த வெச்சு ஜன்னல் வழியா காபி குடுப்பியா? என் பொண்ணு வாழ்க்கை இன்னா உனக்கு வெளையாட்டா?" என்று ஐரீன் கரண்டியோடு வந்து நின்றாள். "சனிக்கிழம சாயந்திரம் வரைக்கும் டைமு. ஓடுச்சுன்னா கெடந்து தொலையட்டும், அவங்களுக்கு மாடில சேர் போடுறேன். ஓடலன்னா ரஷீதக் கூப்ட்டுத் துண்டு துண்டா வெட்டிச் செவுத்துக்கு அந்தாண்ட எடுத்துனு போவச் சொல்லிடுவேன்."

ரஷீது காயலாங்கடைக்காரர். மாதம் ஒரு தரம் வந்து ஜூலியாவை நலம் விசாரித்துவிட்டுப் போகிறவர். சாவு வீட்டுக்கு முன்கூட்டியே பந்தல் போட வந்தவர் மாதிரிச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். சேதி கேட்டதும் இரும்பு வெட்டும் கேஸ் கட்டருக்குப் புது சிலிண்டர் மாட்டிவிட்டார்.

வால்டர் இரண்டு கார்புரேட்டரையும் கடைசித் தடவையாகக் கழற்றினார். திருகும் மிதவையும், ஜெட் என்கிற பொடிப் பொடிப் பித்தளைத் துண்டுகளும் ஹால் முழுக்கப் பரவின. முன்னால் இருக்கும் கார்புரேட்டரின் சாமான் பின்னதோடு கலந்துவிடக் கூடாதல்லவா? வால்டருக்கு ஒரு யோசனை வந்தது. ஐரீன் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து இட்லிக் குண்டானை எடுத்தார். மேல் தட்டில் முன்னது, கீழ்த் தட்டில் பின்னது. குழிக்கு ஒரு சாமான். அடியில் எலுமிச்சைச் சாறு ஊற்றி அவித்தார். கறையெல்லாம் கழன்று பித்தளை தகதகவென்று மின்னியது. குண்டானைக் கழுவி இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் பார்த்தால் ஒரே ஒரு ஜெட்டைக் காணோம்.

தேடாத இடம் இல்லை. அரிசி மூட்டையைக்கூடக் கொட்டிப் பார்த்தார். மறுநாள் வியாழக்கிழமை, பாடகர் குழு ஒத்திகைக்கு வந்தது. வழக்கம்போலக் காருக்குள் நான்கு பேர், படிக்கட்டில் மற்றவர்கள். ஒத்திகை முடிந்ததும் ஐரீன் இட்லி கொடுத்தாள். கட்டைக் குரல் நெல்சன் இரண்டாவது இட்லியில் "கடக்" என்று கடித்துவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அலறினார்.

"கெட்ச்சுடுச்சா!" என்று வால்டர் பாய்ந்து ஓடினார். நெல்சனின் வாய்க்குள் விரலை விட்டு, உடைந்த பல்லை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஜெட்டைத் தான் எடுத்துக்கொண்டார். "ஒண்ணும் ஆவல, ஓட்ட அடையாம கீது," என்று விளக்கில் பிடித்துப் பார்த்துச் சொன்னார். ஓட்டை ஜெட்டில், பல்லில் இல்லை. நெல்சனுக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. அன்றிரவு ஐரீன் அந்தக் குண்டானைத் தெருவில் வீசிய சத்தத்தில் ரமாபாய் வெளியே வந்து எட்டிப் பார்த்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் எல்லாம் மாட்டி முடிந்தது. புகைக்குழாயில் பிளாஸ்டிக் பைப்பைச் செருகி ஜன்னல் வழியே வெளியே விட்டிருந்தார் வால்டர். தெருவில் ரஷீது சிலிண்டரோடு வந்து சுவர் மேல் உட்கார்ந்து பீடி பற்ற வைக்கப் போனார். "யோவ், பெட்ரோலுய்யா!" என்று வால்டர் கத்தியதும் பீடியைக் காதில் செருகிக்கொண்டார்.

சாவியைத் திருப்பினார். ஜூலியா இருமியது, துப்பியது, பிடித்துக்கொண்டது. உடனே காக்காய் வலிப்பு வந்ததுபோல உதறத் தொடங்கியது. வால்டர் ஒரு ரப்பர் குழாயை வலது காதில் வைத்து முன்னதன் மூச்சைக் கேட்டார். பின்னதற்கு ஓடினார். போவதற்குள் முன்னதன் சத்தம் மறந்துபோயிற்று. மறுபடி முன்னது. மறுபடி பின்னது. இருக்கிற ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு மனுஷன் என்னதான் செய்வார்? வியர்த்து ஊற்றியது. அவருக்கே அழுகை வந்துவிட்டது.

சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்த ஐரீன் பல்லைக் கடித்தாள். காரைப் பிடிக்காதுதான். ஆனால் சுதி விலகினால் அவளால் ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியாது. ஈஸ்டர் பூசையில் பாட்டைப் பாதியில் நிறுத்தி, முதலிலிருந்து பாட வைத்தவள் அவள்.

"யோவ்! பின்னது கீழ பாடுது, உனக்குக் கேக்கல?"

"கேக்கலியே, ஐரீனு!"

"குடு அத்த." மீன் கையோடு வந்து குழாயைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். மற்றொரு கையைப் பாடகர் குழுவுக்குக் காட்டுவதுபோல உயர்த்தினாள். "ஏத்து... இன்னும் ஏத்து... ஐயோ, அவ்ளோ இல்லய்யா, எறக்கு."

சரியாக அந்த நேரத்தில் சுவர் மேல் ஒரு வெள்ளை வேட்டி தெரிந்தது. துறைமுகத்தில் சரக்கு எடுக்க வந்த வெள்ளத்துரை, பக்கத்தில்தானே என்று மனைவியோடு ஒரு நாள் முந்தியே வந்துவிட்டார். தங்கபுஷ்பம் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ரஷீதின் கையைப் பிடித்துப் படி இறங்கிக்கொண்டிருந்தாள். ஜூடிக்கு உயிரே போய்விட்டது. நாற்காலி எல்லாம் மாடியில். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே பழக்கத்தில் கார்க் கதவைத் திறந்து, "உக்காருங்க ஆன்ட்டி," என்று சொல்லிவிட்டாள்.

உட்கார்ந்துவிட்டார்கள். மரியாதை தெரிந்த குடும்பம். கார் உதறியது, அவர்களும் சேர்ந்து உதறினார்கள். ஜன்னல் வழியாகப் போன காபி பாதி வெள்ளத்துரையின் சட்டையில் சிந்தியது. ஐரீனுக்குத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "எறக்கு... ஒரு நூலு எறக்கு..." என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்பம் ஆட்டம் கொறஞ்சிருக்கு, பாத்தியளா?" என்று உள்ளே இருந்து தங்கபுஷ்பம் குரல் கொடுத்தாள்.

"லேசா பின்னாடி மட்டும் துடிக்கி," என்றார் வெள்ளத்துரை, டம்ளரையே பார்த்துக்கொண்டு. "ஆங், அப்படித்தான்... இன்னும் ஒரு பொட்டு..."

ஐரீன் கையை அப்படியே நிறுத்தினாள். இரண்டு கார்புரேட்டரும் ஒரே குரலில் மூச்சு விட்டன. உதறல் நின்றது. வெள்ளத்துரையின் காபியில் அலை அடங்கி ஆடை படிந்தது. வால்டர் திருப்புளியைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுவர் மேலிருந்த ரஷீதின் முகம் மட்டும் தொங்கிப்போயிற்று.

வெள்ளத்துரை காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, முன் சீட்டைத் தட்டிக் கொடுத்து ஆசையாகச் சொன்னார்: "எங்க அப்பாட்டயும் இதே வண்டிதான் இருந்துச்சு. நம்ம ஃபியட்டு!"

ரஷீது காதிலிருந்த பீடியை எடுத்தார். எஞ்சின் சத்தம் கேட்டு ஹால் ஜன்னலில் வந்து நின்ற ரமாபாய் கையை வாயில் வைத்துக்கொண்டாள். வால்டரின் கழுத்து நரம்பு புடைத்தது. வாயைத் திறந்தார். அப்போது ஜூடியைப் பார்த்தார். அவள் இரண்டு கையையும் சேர்த்து நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாங்க," என்றார் வால்டர், எச்சிலை விழுங்கிக்கொண்டு. "ஃபியட்டுதான்."

ஐரீன் காதிலிருந்த குழாயை எடுத்தாள். புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு நேராகப் போய் முன் கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்தினாள்.

"இன்னா முழிச்சிகினு நிக்கிற? வந்து ஓட்டு."

வால்டர் வந்து உட்கார்ந்தார். கியரைப் போட்டார். ஜூலியா நகர்ந்தது. சத்தியமாக நகர்ந்தது! இரண்டடி போய், ஐரீனின் சுவருக்கு மூக்கு உரசும் தூரத்தில் நின்றது. பின் சீட்டில் தங்கபுஷ்பம் சிலுவை போட்டுக்கொண்டாள்.

நான்கு பேரும் சுவரைப் பார்த்தார்கள்.

"அவ்ளோதான், ஐரீனு," என்றார் வால்டர். "இதுவே போதும்."

"உனக்குப் போதும். நான் கோயிலுக்குப் போவணும்." ஐரீன் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். "ரஷீது! வெட்டு!"

"அக்கா, வண்டிதான் ஓடுதே," என்று ரஷீதே பதறிவிட்டார். "நல்ல வண்டிய எப்டிக்கா வெட்டுறது?"

"வண்டிய யார்ரா சொன்னா? செவுத்த வெட்டு!"

"கேஸ் கட்டர்ல செவுரு வெட்டாதுக்கா."

"அப்ப சம்மட்டி எத்துகினு வா. இடிச்ச கல்ல இங்கயே சரிவா போடு, வண்டி ஏறிடும்."

"மழ வந்தா இன்னா பண்ணுவ?" என்று வால்டர் மெதுவாகக் கேட்டார்.

"வந்தா இதுல ஏறி நம்ம சம்பந்தி வூட்டுக்குப் போயிடலாம்."

வெள்ளத்துரை அதைக் கேட்டுச் சத்தம் போட்டுச் சிரித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ரஷீது சம்மட்டியோடு வந்தார். ரமாபாய் வீட்டிலிருந்து கடப்பாரை வந்தது. முதல் அடி விழுந்து சுவரில் காரை பெயர்ந்தபோது வால்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தானும் ஒரு கை கொடுக்கலாம் என்று கதவின் கைப்பிடியைப் பிடித்தார்.

ஐரீன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"நீ எறங்காதய்யா. எஞ்சின் நின்னுடப் போவுது."