தனம் அக்காவின் காதில் விழுந்த சந்தை

போன வாரம் சேர்வராயன் கோயில் திருவிழா. மேளக்காரர்களுக்குப் பின்னால், கூட்டத்தோடு கூட்டமாகப் பொரி கொறித்தபடி நடந்துகொண்டிருந்தேன். சட்டென்று தவில் நின்றது. வாரை இழுத்துக் கட்டுவதற்காக நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். என் கையிலிருந்து பொரிப் பொட்டலம் நழுவிவிட்டது. சத்தம் கேட்டால் பயப்படுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சத்தம் நின்றால் பயப்படுகிற ஆள் நான். அதற்குக் காரணம் என்னோடு வேலை பார்த்த தனம் அக்கா.

படிப்பு முடித்த கையோடு ஏற்காடு கடைவீதியில் ஒரு பங்குத்தரகு அலுவலகத்தில் சேர்ந்தேன். மாடியில் ஒரே அறை. கீழே காப்பிக்கொட்டை வறுத்து அரைக்கும் கடை. அந்த வாசனை படியேறி வந்து எங்கள் துணிமணியில் குடியிருந்தது. இன்றைக்கும் காப்பி வறுபடும் வாசனை வந்தால் எனக்குக் காப்பி குடிக்கத் தோன்றாது. என்ன விலை போகிறது என்று யாரையாவது கேட்கத் தோன்றும்.

மிளகுத் தோட்டம் போட்டவர்கள், எஸ்டேட்டில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற ரைட்டர்கள், வாத்தியார்கள் என்று காலையிலேயே வந்து சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். வாங்குவதையும் விற்பதையும் அவர்கள் வாய்விட்டுச் சொல்வார்கள். கம்ப்யூட்டரில் போடுவது தனம் அக்காவின் வேலை. பக்கத்து ஊரான வெள்ளக்கடையிலிருந்து மொபெட்டில் வருவார். சாப்பாட்டை விட்டாலும் விடுவார், கச்சேரியை விடமாட்டார். சேலத்தில் எந்தக் கோயிலில் யார் பாடினாலும் பஸ் ஏறிவிடுவார். என்னையும் இழுத்துக்கொண்டு போவார். கல்லூரியில் சுருதி என்று எனக்கொரு தோழி இருந்தாள். அந்தச் சொல்லோடு எனக்கிருந்த உறவு அவ்வளவே. பாதிக் கச்சேரியில் தூங்கிவிடுவேன்.

வீட்டிலேயே கேசட்டில் கேட்கலாமே என்று ஒருமுறை கேட்டேன்.

"கேசட்டுல அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சு போயிருது கண்ணு. நேர்ல கேக்கறப்ப பாடறவருக்கே தெரியாது. நம்ம மார்க்கெட்டும் அதேதான். நேத்து வரைக்கும் சார்ட்டுல போட்ட கோடெல்லாம் கேசட்டு."

பெஞ்சுக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருப்பார். கண் திரையில், காது பின்னால். பெஞ்சில் எல்லாருடைய குரலும் ஒரே மாதிரி ஏறினால் கையைத் தூக்கிவிடுவார். "செத்த பொறுங்க. பாட்டு முடியறதுக்குள்ள கைதட்டறீங்க." பல நாள் சற்றுப் பொறுத்ததும் விலை திசை மாறி, அவர் சொன்னது பலித்தது. சில நாள் பொய்த்தது. பொய்த்த நாளில் இன்றைக்குத் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று சிரிப்பார். நான் வணிகவியல் படித்தவள் இல்லையா? இதெல்லாம் கணக்கு, அக்கா அதற்குப் பாட்டுப் பூச்சு பூசுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் காலையில் அவர் கண்விழித்தபோது ஊரே அடங்கிக் கிடந்ததாம். சேவல் கூவவில்லை, வாளியில் தண்ணீர் விழும் சத்தம் இல்லை. அவருடைய அம்மா எதிரே நின்று வாயை மட்டும் அசைத்திருக்கிறார். சேலத்து டாக்டர் நரம்பு என்றார், மாத்திரை கொடுத்தார். ஒரு காது அடியோடு போய்விட்டது. இன்னொன்றில், ஒட்டி நின்று பேசினால் கொஞ்சம் விழும். முந்தின வாரம்கூடத் தம்புராவில் ஒரு கம்பியின் சுருதி இறங்கியதைக் கண்டு சொன்ன காது.

சில நாளில் அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டார். திரையைப் பார்க்கத்தானே வேண்டும், கண்ணுக்கு ஒன்றுமில்லையே, சொல்கிறவர்கள் கிட்டே வந்து சொல்லட்டும் என்றார். நானும் நம்பினேன்.

அடுத்து வந்த ஒரு காலை, சந்தை திறந்ததுமே சரிந்தது. படியில் திமுதிமுவென்று ஆட்கள் ஏறி வந்தார்கள். பெஞ்சு நிறைந்து, வாசல் நிறைந்து, ஆளாளுக்குக் கத்தினார்கள். "வித்துப்போடுங்க தனம், ஏனுங்க, வித்துப்போடுங்க" என்று ரைட்டர் ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார். நான் போனில் மாட்டிக்கொண்டிருந்தேன். அக்கா திரையில் சிவந்து ஓடும் எண்களை நிதானமாகப் பார்த்தபடி என் பக்கம் சாய்ந்தார்.

"ஏங்கண்ணு, இன்னிக்கு ஒருத்தருமே வரலியா?"

நான் போனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்து அவர் திரும்பினார். அத்தனை வாயும் திறந்து மூடுவதைப் பார்த்தார். அறை மெல்ல அடங்கியது. கத்திய ரைட்டர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா எழுந்து என்னை நாற்காலியில் அமர்த்தினார்.

"நீ போடு. எனக்கு எண்ணு தெரியுது, ஆளு தெரிய மாட்டேங்குது."

நான் போட்டேன். பலருக்கு அதற்குள் விலை கைமீறி இறங்கியிருந்தது. அக்காவை ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. மறுநாள் முதல் அவர் வரவில்லை.

இப்போது வெள்ளக்கடையில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறார். கச்சேரிக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. மேடைப் பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, பாடுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நொம்ப நல்லாப் பாடறாங்க என்பார். எப்படித் தெரியும் என்று கேட்க எனக்கு இன்றுவரை துணிவு வரவில்லை.

அலுவலகம் மூடிப் பல வருஷம் ஆகிறது. அந்த மாடியில் இப்போது சுற்றுலா வருகிறவர்கள் தங்குகிறார்கள். பெஞ்சில் இருந்தவர்களில் மிச்சமிருப்பவர்கள் அவரவர் வீட்டில் செல்போனைப் பார்த்துக்கொள்கிறார்கள். சந்தை இன்னமும் விழத்தான் செய்கிறது. விழுந்த அன்று கடைவீதியில் நடந்துபோனால் ஒரு கத்தலும் கேட்பதில்லை, யாருக்கு என்ன போயிற்று என்று தெரிவதில்லை.